கங்காணி முதல் கணினி வரை
மலாயாவில் ஆள் சேர்த்த முறைகளின் வரலாறு

தொழிலுக்கு வேண்டிய ஆளைத் தேடுவது ஒரு கடமை. தேடிய ஆளைத் தெளிவது மற்றொரு கடமை. தெளிந்தவரை வினையில் அமர்த்தி வளர்ப்பது மூன்றாவது கடமை. திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமும், அதனையடுத்துத் ‘தெரிந்து வினையாடல்’ என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஆளைத் தேர்வது வேறு, தேர்ந்த ஆளைக்கொண்டு வினை முடிப்பது வேறு என்பதை அப்பிரிவே உணர்த்தும். அவ்விரண்டனையும் அடுத்துச் ‘சுற்றந்தழால்’ வருகிறது. வேலை, திறமை, உறவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை இவ்வதிகார வரிசையில் காணலாம்.

இன்று பெரிய நிறுவனங்களில் மனிதவள அதிகாரிகள் என்றொரு வகுப்பினர் உளர். விண்ணப்பங்களைக் கணினி சலித்துக் கொடுக்கிறது. திறமைகளுக்குப் புள்ளிகள் இடப்படுகின்றன. எல்லாம் புதியன போலத் தோன்றும். ஆயினும் அவர்கள் முன் நிற்கும் வினாக்கள் புதியன அல்ல. ஆளைத் தேர்பவர் யார்? கொண்டுவரும் செலவை ஏற்பவர் யார்? வந்தவருக்கு விலகும் உரிமை உண்டா? வந்தபின் வளர வழி உண்டா? இந்நான்கு வினாக்களுக்கும் மலாயாவும் சிங்கப்பூரும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைக் கண்டன. அவ்விடைகளின் வரலாறு பெரும்பகுதி தமிழரின் வரலாறே ஆகும்.

ஒப்பந்தம் என்னும் தளை

பினாங்குத் தீவு 1786ஆம் ஆண்டிலும், சிங்கப்பூர் 1819ஆம் ஆண்டிலும் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வெல்லெஸ்லி மாநிலத்தில், அஃதாவது இன்றைய செபராங் பிறையில், கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டனர். நாகப்பட்டினம் அவர்கள் கப்பலேறிய துறைமுகம்.

அக்காலத்து முறை ஒப்பந்த முறை. தரகன் ஒருவன் ஊர் ஊராகச் சென்று ஆட்களைத் திரட்டுவான். கப்பற் செலவையும் முன்பணத்தையும் முதலாளி கொடுப்பார். அத்தொகை தொழிலாளியின் கணக்கில் கடனாக எழுதப்படும். கூலியில் அது கழியும் வரை, ஒப்பந்தக் காலம் முடியும் வரை, அவர் தோட்டத்தைவிட்டு நீங்கலாகாது. பெரும்பாலும் அக்காலம் மூன்று ஆண்டு. நீங்கினால் அது வெறும் ஒப்பந்த மீறல் அன்று, தண்டனைக்குரிய குற்றம். வேலையை விட்டுப் போனவர் சிறைக்குப் போக நேர்ந்தது.

இங்கே ஆளைத் தேர்ந்தவன் தரகன். தோட்டத்தில் என்ன வேலை என்பது அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. தலைக்கு இவ்வளவு எனப் பணம் பெறுபவனுக்கு எண்ணிக்கையே கணக்கு. நோயாளியும் உழவறியாதவரும் வந்து சேர்ந்தனர், பலர் மாண்டனர். செலவைக் கொடுத்தவர் முதலாளி என்றாலும், அதை ஏற்றவர் தொழிலாளியே. அவர் தம் பயணத்தைத் தம் உழைப்பால் விலைகொடுத்து வாங்கினார். விலகும் உரிமையோ அறவே இல்லை. மலாயாவில் இம்முறை 1910ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது.

கண்காணியே கங்காணி

ஒப்பந்த முறை தேய்ந்த காலத்தில் வளர்ந்தது கங்காணி முறை. ‘கண்காணி’ என்பது பழந்தமிழ்ச் சொல். கண்ணால் கண்டு மேற்பார்ப்பவன் என்பது பொருள். பேச்சு வழக்கில் அது ‘கங்காணி’ என மருவியது. காப்பித் தோட்டங்களில் வேரூன்றிய இம்முறை, ரப்பர் வந்தபின் மலாயாவெங்கும் பரவியது. மலாக்காவில் டான் சே யான் 1896ஆம் ஆண்டில் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். மோட்டார் வண்டியின் வரவால் ரப்பர் விலை ஏறிற்று. காடுகள் அழிந்து தோட்டங்களாயின. ஆட்களின் தேவை பன்மடங்கு பெருகியது.

தோட்டத்துரை, தம்மிடம் வேலை செய்யும் நம்பிக்கையான ஒருவரைத் தெரிந்தெடுத்து, ஆள் திரட்ட அவருடைய சொந்த ஊருக்கே அனுப்புவார். இன்ன தோட்டத்திற்கு இத்தனை பேர் வேண்டும் என்று குறித்த உரிமச் சீட்டு அவர் கையில் இருக்கும். பிற்காலத்தில் அச்சீட்டு தொழிலாளர் இலாகாவில் பதியப்பட்டு, தமிழ்நாட்டில் மலாயா அரசின் குடியேற்ற அதிகாரியின் பார்வைக்கும் சென்றது. ஊர் முன்சீப்பு பார்த்து ஒப்பமிட வேண்டும் என்ற விதியும் இருந்தது. கங்காணி தம் உறவினர், அண்டை அயலார், தம் சாதியார் ஆகியோரிடையே சென்று பேசுவார். அவர்கள் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ உள்ள முகாமில் தங்கிக் கப்பலேறுவார்கள். பினாங்கில் ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் நோய்த் தடுப்புக்காகச் சில நாள் அடைபட்டுக் கிடந்து, பின் தோட்டம் போய்ச் சேருவார்கள்.

தரகனைவிடக் கங்காணி மேலானவரா? ஒரு வகையில் மேலானவரே. தோட்ட வேலை இன்னதென்று அவருக்குத் தெரியும். வருபவர் இன்னாரென்றும் தெரியும். பொய் சொல்லி அழைத்து வந்தால் நாளை அவர்கள் முகத்திலேயே விழிக்க வேண்டும். குடும்பத்தோடு வருவோர் தொகை கூடியது. புதிய நாட்டில் தெரிந்த முகம் ஒன்று இருப்பது எளிய ஆறுதலன்று.

மற்றொரு வகையில் அதுவே தளையாயிற்று. ஆள் சேர்த்ததற்குத் தரகுப் பணம் பெற்ற கங்காணி, தம் ஆட்கள் பெரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்குச் சில காசு ‘தலைக்காசு’ பெற்றார். எனவே ஆள் நோயுற்றாலும் அவருக்கு இழப்பு. ஆள் வேறு தோட்டம் போனாலும் அவருக்கு இழப்பு. அழைத்து வந்தவரே மேற்பார்வையாளர். பல இடங்களில் கடன் கொடுத்தவரும் அவரே. முறையிட விரும்பிய தொழிலாளி யாரிடம் முறையிடுவார்? துரையின் மொழி தொழிலாளிக்குத் தெரியாது. இடையில் நின்றவர் கங்காணி. உறவு என்னும் கயிறு ஒப்பந்தத் தாளைவிட மெல்லியதாகத் தோன்றினாலும், இறுக்குவதில் அதற்குக் குறைந்ததன்று. அன்பு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு ஆளைத் தெளிதல் தீது என்று வள்ளுவர் எச்சரித்ததன் நுட்பம் இங்கே விளங்கும்.

செலவை யார் ஏற்பது?

ரப்பர் விலை ஏறிய காலத்தில் முதலாளிகளிடையே ஒரு பூசல் மூண்டது. ஒரு தோட்டத்தார் கப்பற் செலவு கொடுத்து ஆட்களை வருவிப்பார். அடுத்த தோட்டத்தார் ஒரு காசும் செலவிடாமல், கூலியைச் சற்றுக் கூட்டிச் சொல்லி அவ்வாட்களை இழுத்துக்கொள்வார். செலவிட்டவர் ஏமாளி, செலவிடாதவர் கெட்டிக்காரர் என்றாயிற்று. இந்நிலை நீடித்தால் ஆள் வருவிக்க எவரும் முன்வரார்.

இதற்குத் தீர்வாக 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. பின்னர் அது இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்றது. தென்னிந்தியத் தொழிலாளரை வைத்து வேலை வாங்கும் ஒவ்வொரு முதலாளியும், தாம் ஆள் வருவித்தாலும் வருவிக்காவிட்டாலும், வேலை வாங்கிய அளவுக்கு ஏற்ப இந்நிதிக்குப் பணம் செலுத்த வேண்டும். அந்நிதியிலிருந்து கப்பற் செலவு கொடுக்கப்படும். வந்தவர் தலையில் அது கடனாக ஏறாது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு அவர் வேலையை விட்டு நீங்கலாம்.

இந்நிதி இரக்கத்தால் பிறந்ததன்று. முதலாளிகளின் தேவையால் பிறந்தது. ஆயினும் அதனுள் ஓர் அரிய கருத்து அடங்கியிருந்தது. ஆளைக் கொண்டுவரும் செலவு தொழிலின் செலவே ஆகும். அது வரும் ஏழையின் செலவன்று. இக்கருத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சட்டமாக்கிய நாடு மலாயா என்பதை இன்று பலரும் மறந்துவிட்டனர்.

சட்டத்தில் உரிமை இருப்பது வேறு. அதைப் பயன்படுத்தும் ஆற்றல் இருப்பது வேறு என்பதையும் மறத்தலாகாது. எழுதப் படிக்கத் தெரியாத, கங்காணியிடம் கடன்பட்ட ஒருவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பு உரிமை ஏட்டுச் சுரைக்காயே.

மந்தமும் தடையும்

இந்தியாவில் 1922ஆம் ஆண்டில் குடியேற்றச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் இந்திய அரசின் பிரதிநிதி ஒருவர் மலாயாவில் தங்கித் தொழிலாளர் நிலையைக் கண்காணித்தார். 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நிலைக்கூலியாக அமைந்தன. உலகப் பெருமந்தம் வந்ததும் அது நிலைகுலைந்தது. ரப்பர் விலை வீழ்ந்தது, கூலி குறைந்தது. 1930ஆம் ஆண்டு முதற்கொண்டு சில ஆண்டுகளில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆள் வருவிக்க ஏற்பட்ட அதே நிதி, ஆட்களைத் திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. தேவைப்பட்டபோது கூவி அழைத்த கை, தேவையற்றபோது கப்பலைக் காட்டியது.

வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். ஆட்கள் தாமாகவே வரும் நிலை ஏற்பட்டுவிட்டமையால், கங்காணி வழி ஆள் சேர்த்தல் இனித் தேவையில்லை என்பது அவர் அறிக்கையில் கண்ட முடிவுகளுள் ஒன்று. 1938ஆம் ஆண்டில் கூலியை மீண்டும் குறைக்கத் தோட்டக்காரர்கள் முற்பட்டபோது, உடலுழைப்புத் தொழிலாளர் உதவி பெற்றுக் குடியேறுவதை இந்திய அரசு அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தடுத்துவிட்டது. ஆள் சேர்ப்புக்கு மட்டுமே பயன்பட்ட கங்காணி அத்துடன் மறைந்தார். மேற்பார்வைக் கங்காணி நின்றார்.

அதன்பின் வந்த போர்க்காலத்தில் ஆள் சேர்ப்பு என்ற பெயருக்கே பொருளற்றுப் போயிற்று. 1942–43ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை போட்டபோது, தோட்டத் தமிழர் பல்லாயிரவரை ஆசை காட்டியும் வலிந்து பிடித்தும் கொண்டுபோயினர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையில் மாண்டவர்க்குச் சரியான கணக்கே இல்லை. எவரைச் சேர்த்தோம் என்ற பதிவுகூட இல்லாத ஆள் சேர்ப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது சான்று.

படிகள் இல்லாத ஏணி

கங்காணி முறையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அது ஆட்களை எவ்வாறு கொண்டுவந்தது என்பதையே எழுதுவர். கொண்டுவந்த ஆட்களை அது வளர்க்கவில்லை என்பது அதனினும் பெரிய செய்தி.

தோட்டத்தில் மூன்று அடுக்குகள் இருந்தன. மேலே ஐரோப்பியத் துரை. நடுவே ஆங்கிலங் கற்ற கிராணி. கீழே பால்வெட்டுத் தொழிலாளர். கிராணிகள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தனர். யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வட்டுக்கோட்டை முதலிய இடங்களில் ஆங்கிலக் கல்வி பரவியிருந்தது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை 1885ஆம் ஆண்டில் ரயில் ஓடத் தொடங்கியதும், ரயில்வேக்கும் நில அளவைக்கும் அலுவலகங்களுக்கும் எழுத்தர் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்தார் அவ்வேலைகளுக்கு வந்தனர். அவர்களை அழைத்து வந்தது கங்காணி அல்ல. பள்ளிச் சான்றிதழும், முன்னே வந்த உறவினரின் கடிதமும் ஆகும்.

ஆக, ஒரே மொழி பேசியோருள் ஒரு சாரார் கல்வியால் சேர்க்கப்பட்டனர். மற்றொரு சாரார் கைகளுக்காகச் சேர்க்கப்பட்டனர். கைகளுக்காகச் சேர்க்கப்பட்டவரின் ஏணியில் கங்காணி என்பதே கடைசிப் படி. அதற்கு மேலே உள்ள படிக்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலத்திற்குப் பள்ளி வேண்டும். பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தார் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியும் கிராணியுமே பல பள்ளிகளில் முதல் ஆசிரியர்கள். கொட்டகையில் தோன்றிய அப்பள்ளிகள் இன்றைய தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர். குடும்பத்தோடு ஆட்களைத் தங்க வைப்பதற்காக ஏற்பட்ட பள்ளி, அவ்வாட்களின் பேரர் தோட்டத்தைவிட்டு வெளியேறி வேறு தொழில் காண வழியாயிற்று. பள்ளியை வைத்தவர் நோக்கம் ஒன்று. பள்ளியில் கற்பித்தவர் ஆக்கிய பயன் வேறொன்று. ஏணிக்கு இல்லாத படிகளை அடித்துப் பொருத்தியவர்கள் ஆசிரியர்களே எனலாம்.

மீண்டும் ஒரு நிதி

போருக்குப்பின் நிலைமை மாறியது. மலாயாவில் ஊழியர் சேமநிதி 1951ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரில் மத்திய சேமநிதி 1955ஆம் ஆண்டிலும் ஏற்பட்டன. தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் 1954ஆம் ஆண்டில் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. கங்காணியின் சொல்லால் நடந்தவை கூட்டு ஒப்பந்தத்தால் நடக்கலாயின. சிங்கப்பூரில் அரசாங்கப் பணிக்கு ஆளெடுக்கப் பொதுச் சேவை ஆணையம் 1951ஆம் ஆண்டில் அமைந்தது.

பின்னர் வந்த ஒரு மாற்றம் தனியே எண்ணத்தக்கது. சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டில் திறன் மேம்பாட்டு நிதி ஏற்பட்டது. முதலாளிகள் தீர்வை செலுத்துவார்கள். அத்தொகை தொழிலாளரைப் பயிற்றுவிக்கச் செலவாகும். மலேசியாவில் 1993ஆம் ஆண்டில் மனிதவள மேம்பாட்டு நிதி அதே நோக்கத்துடன் எழுந்தது. இவ்விரண்டும் 1907ஆம் ஆண்டு நிதியின் தம்பியரே போல்வன. அங்கும் பூசல் ஒன்றுதான்: ஒரு முதலாளி பயிற்றுவிப்பார், மற்றொருவர் பயின்ற ஆளை இழுத்துக்கொள்வார். தீர்வும் ஒன்றுதான்: எல்லாரும் பொதுவில் செலுத்துக. வேறுபாடு நோக்கத்தில் உள்ளது. முன்னது ஆளைக் கொண்டுவர ஏற்பட்ட நிதி. பின்னவை ஆளை வளர்க்க ஏற்பட்டவை. முக்கால் நூற்றாண்டில் நிகழ்ந்த மனமாற்றம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

பழைய கடனும் புதிய கணினியும்

ஆயினும் பழையன எல்லாம் கழிந்துவிடவில்லை. மலேசியத் தோட்டங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து தொழிலாளர் வருகின்றனர். அவர்களுள் பலர் வேலை பெறுவதற்காகத் தரகருக்குப் பெருந்தொகை கொடுத்து, கடனோடு வந்திறங்குகின்றனர். ரப்பர்க் கையுறை செய்யும் மலேசியத் தொழிற்சாலைகள் சிலவற்றின் பொருள்களை, கட்டாய உழைப்பு என்ற ஐயத்தால், அமெரிக்கச் சுங்கத்துறை 2019ஆம் ஆண்டு முதல் தடுத்து வைத்தது. தொழிலாளர் கொடுத்த தரகுப் பணத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் திட்டங்கள் அதன்பின்னரே விரைவு கண்டன. அதே ரப்பர், அதே நாடு, அதே கடன். ஊர்ப்பெயர்கள் மட்டுமே வேறு. தொழிலாளரிடம் தரகர் கட்டணம் வாங்கலாகாது என்பது 1997ஆம் ஆண்டின் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 181ஆம் உடன்படிக்கை கூறும் பொதுவிதி. 1907ஆம் ஆண்டு நிதியின் உட்கருத்தை உலகம் 90 ஆண்டு கழித்து எழுதிக்கொண்டது.

அலுவலக வேலைகளிலும் கங்காணி முற்றும் மறைந்துவிடவில்லை. இன்று பல நிறுவனங்கள், தெரிந்தவரைக் கொண்டுவந்து சேர்க்கும் ஊழியருக்கு ஊக்கத்தொகை கொடுக்கின்றன. தெரிந்தவர் வழியாக வருபவர் நம்பத்தக்கவர் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. கங்காணி முறையின் நன்மை இதிலும் உண்டு; குறையும் உண்டு. தெரிந்தவர் வட்டத்துள் இல்லாதவர் எத்துணைத் திறமையுடையவராயினும் கதவு திறவாது. சிங்கப்பூரில் வெளிநாட்டு நிபுணர்க்கான வேலை அனுமதிக்கு 2023ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. சம்பளம், கல்வி ஆகியவற்றோடு, நிறுவனம் ஒரே நாட்டினரால் நிரம்பியுள்ளதா என்பதும் அதில் கணக்கிடப்படுகிறது. வட்டம் குறுகுவதால் வரும் கேட்டை அரசு உணர்ந்திருப்பதற்கு இஃது அடையாளம். வயது, பாலினம், இனம் முதலியவற்றால் வேலையில் வேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் சட்டமும் 2025ஆம் ஆண்டு சனவரியில் அங்கே நிறைவேறியது.

கணினி தேர்ந்தால் வேற்றுமை ஒழியும் எனச் சிலர் நம்புகின்றனர். அமெரிக்க அமேசான் நிறுவனம் விண்ணப்பங்களைச் சலிக்க ஒரு கணினி முறையை உருவாக்கிப் பின் கைவிட்ட செய்தி 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முந்தைய பத்தாண்டு விண்ணப்பங்களை வைத்து அது பழக்கப்பட்டது. அவற்றை அனுப்பியோர் பெரும்பாலும் ஆண்கள். எனவே பெண்களின் விண்ணப்பங்களை அது தாழ்த்தி மதிப்பிடக் கற்றுக்கொண்டது. கங்காணி தம் ஊரை விட்டு வெளியே பார்க்கவில்லை. கணினி தன் பழைய ஏட்டை விட்டு வெளியே பார்க்கவில்லை. கங்காணியிடமாவது காரணம் கேட்கலாம். தள்ளப்பட்ட விண்ணப்பதாரர் கணினியிடம் எதைக் கேட்பார்?

வரலாறு தரும் அளவுகோல்

ஆள் சேர்க்கும் முறை ஒவ்வொன்றும் தனக்கு முந்திய முறையின் குறையைப் போக்கவே வந்தது. தரகனின் பொய்யைப் போக்கக் கங்காணி வந்தார். முதலாளியரின் பூசலைப் போக்க நிதி வந்தது. கங்காணியின் தனியாட்சியைப் போக்கச் சங்கமும் சட்டமும் வந்தன. மனிதரின் ஓரவஞ்சனையைப் போக்கக் கணினி வந்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு குறையைப் போக்கி மற்றொன்றை உடன் கொணர்ந்தது. ஆகவே முறை புதியதா பழையதா என்பதைக்கொண்டு அதை மதிப்பிடுதல் பொருந்தாது. செலவு யார் தலையில் விழுகிறது, விலக உரிமை உண்டா, முறையிட இடம் உண்டா, மேலே ஏறப் படி உண்டா என்பவற்றைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

‘கூலி’ என்ற தமிழ்ச்சொல் உழைப்புக்குக் கொடுக்கும் பொருளைக் குறிக்கும். ஆங்கிலத்தில் அச்சொல் உழைக்கும் ஆளையே குறிக்கலாயிற்று; அவ்வாங்கிலச் சொல் தமிழிலிருந்து சென்றதென ஒரு சாராரும், மேற்கிந்தியக் குடிப்பெயர் ஒன்றிலிருந்து வந்ததென மற்றொரு சாராரும் கூறுவர். மூலம் எதுவாயினும், தோட்டத்தின் செக்ரோலில் மனிதன் கூலியானான். இன்று அவனை ‘வளம்’ என்கிறார்கள். வளம் என்பது தோண்டி எடுத்துத் தீர்ப்பதற்கும் பொருந்தும் சொல். பேணி வளர்ப்பதற்கும் பொருந்தும் சொல். இரண்டனுள் எப்பொருளில் அச்சொல்லை ஆள்கிறார்கள் என்பதை, கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் கூர்ந்து நோக்குவது கடமையாகும்.